டயரில் உள்ள எழுத்து

மோட்டார் வண்டி எத்துணைப் பெரிதாயினும், அது நிலத்தைத் தொடும் இடம் மிகச் சிறிதே. காரின் ஒவ்வொரு டயரும் சாலையில் படியும் பரப்பு ஏறத்தாழ ஒருவர் கையின் அளவே ஆகும். அந்நான்கு கையளவு இடங்களை நம்பியே ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் விரைகின்றது. ஆதலின், தேய்ந்த டயரை நீக்கி வேறு டயர் வாங்குவோர் எவற்றை ஆராய்தல் வேண்டும் என்பதை அறிதல் இன்றியமையாதது. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் அவ்வறிவு பின்னும் வேண்டற்பாலது.

2019-ஆம் ஆண்டு, கத்திரி வெயில் காய்ந்த ஒரு நண்பகலில், யான் என் தம்பி குடும்பத்தாருடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்றேன். துவரங்குறிச்சியைக் கடந்த சிறிது நேரத்தில் வேட்டுப் போன்றதோர் ஓசை எழுந்தது. வண்டி ஒருபுறமாக இழுத்தது. என் தம்பி மகன் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, பிரேக்கைத் திடுமென அழுத்தாது, வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சாலையோரத்தில் நிறுத்தினான். யாவரும் உயிர் பிழைத்தோம். முன் சக்கரத்தின் டயர் கிழிந்து தொங்கிற்று.

அதனைப் புரட்டிப் பார்த்த டயர்க் கடைக்காரர், “ஐயா, பட்டன் புதிதாகத்தான் இருக்கிறது, ஆனால் டயருக்கு வயது ஒன்பது” என்றார். “எவ்வாறு அறிந்தீர்?” என்று வினவினேன். அவர் டயரின் பக்கச் சுவரில் 1110 என்னும் நான்கு இலக்கங்களைக் காட்டினார். 2010-ஆம் ஆண்டின் பதினோராம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பல்லாண்டு ஸ்டெப்னியாகக் கிடந்த அந்த டயரை, பார்வைக்குப் புதிதாக இருந்தமையால், முன் சக்கரத்தில் பூட்டியிருந்தனர். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த யான், எங்கள் உயிரைத் தாங்கிய பொருளில் பொறித்திருந்த எழுத்தைப் படியாது போனேன்!

ஓடாத டயரும் மூப்படையும். காற்றும் வெப்பமும் ரப்பரைச் சிறுகச் சிறுக இறுகச் செய்யும். பின்னர் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். ஆறு ஆண்டுகள் சென்ற டயரை மாற்றுமாறு கார் செய்வோர் பலர் அறிவுறுத்துகின்றனர். பத்து ஆண்டுகள் சென்றதை, எத்துணைப் புதிதாகத் தோன்றினும் விலக்குதலே நன்று. ஆதலின், கடையில் டயர் வாங்கும்போது முதலில் அந்நான்கு இலக்கங்களைப் படித்தல் வேண்டும். விலை குறைவென்று கருதி நெடுநாள் கிடந்த சரக்கை வாங்கலாகாது.

அடுத்து, அளவைக் குறிக்கும் எழுத்துகளைக் காண்போம். 185/65 ஆர் 15 88 எச் என்று ஒரு டயரில் இருப்பதாகக் கொள்வோம். 185 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில். 88 என்பது அந்த டயர் 560 கிலோகிராம் எடையைத் தாங்கும் என்பதன் குறியீடு. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கவல்லது என்பதாம். “யாம் அவ்வளவு வேகத்தில் செல்வதில்லையே!” என்று இக்கடைசி எழுத்தைப் புறக்கணித்தல் தவறு. வேகம் தாங்குதல் என்பது வெப்பம் தாங்குதலே ஆகும். ஆகவே, கார் செய்தோர் குறித்த எடைக் குறியீட்டிற்கும் வேகக் குறியீட்டிற்கும் குறைந்த டயரைப் பூட்டலாகாது.

வெயில் ஒன்றே டயரைச் சுடச் செய்கின்றது என்று பலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. ஒரு கம்பியை ஓரிடத்தில் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அவ்விடம் சுடும் அன்றோ? டயரும் அத்தகையதே. நிலத்தைத் தொடும்போது அதன் பக்கச் சுவர் வளைகின்றது. நிலத்தை விட்டதும் நிமிர்கின்றது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ ஐந்நூறு முறை நிகழும். டயருள் காற்றுக் குறைந்தால் வளைவு மிகும். வளைவு மிகுந்தால் வெப்பம் மிகும். அதனால் உள்ளிருக்கும் இழைகள் ரப்பரினின்று பிரிந்து டயர் வெடிக்கும். கோடையில் காற்று விரியும் ஆதலின் குறைவாகவே அடைத்தல் வேண்டும் என்று சிலர் கூறுவது பெரும் பிழை. கார் செய்தோர் குறித்த காற்றளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டியதாகும். ஓடும்போது அது உயர்தல் இயல்பு. எனவே, புறப்படுமுன் காலையில் அளந்து நிரப்புதலே முறை. ஓடிச் சூடேறிய டயரினின்று காற்றை வெளியேற்றலாகாது.

குளிர் நாட்டார் பனிக்காலத்தில் பூட்டும் மென்மையான டயர், விலை மலிவாகக் கிடைப்பினும் நமக்கு ஆகாது; நம் சாலையில் அது விரைவில் தேய்ந்துவிடும். வெப்பத்தை எண்ணி மழையையும் மறக்கலாகாது. பட்டன்களிடையே உள்ள பள்ளங்களே சாலை நீரை வெளியேற்றுவன. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்ததும், பள்ளத்தினுள் உள்ள சிறு மேடுகள் பட்டனோடு சமமாகும். அதன் பின் அந்த டயர் உதவாது. ஐப்பசி மழை தொடங்கும் முன்னரே இதனை ஆராய்தல் நலம். இரண்டு டயர்களையே புதியனவாக வாங்க இயலுமாயின், அவற்றைப் பின் சக்கரங்களில் பூட்டுதல் வேண்டும். ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் வழுக்கின், வண்டி சுழன்றுவிடும். அதனை அடக்குதல் அரிது.

மாணவர்களே! கல்வி ஏட்டளவில் நிற்பதன்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிற்கும் ஒரு காரின் டயரைக் குனிந்து நோக்குங்கள். அந்நான்கு இலக்கங்களைப் படியுங்கள். ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டு மிகுந்திருப்பின் உரியவரிடம் பணிவுடன் எடுத்துரையுங்கள். நீங்கள் கற்ற எழுத்து ஒரு குடும்பத்தைக் காத்ததாகும்.