புயலுக்கு முன் - 7: இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும்

2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலையிலேயே அது ஒக்கிப் புயலாகிக் குமரிக் கடலைக் கலக்கியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல, அதற்குச் சில நாள் முன்பே கரையைவிட்டுப் போயிருந்தன. வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் குரல் கரையிலிருந்து சில பத்துக் கடல் மைல்களைத் தாண்டாது. எச்சரிக்கை அவர்களில் பலரை எட்டவே இல்லை. தகவல் கிடைத்த பிறகு படகைத் தயார் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு நடுக்கடலில் செல்லாது. துறைமுகத்தில் செய்து முடித்ததுதான் கைகொடுக்கும்.

சென்ற வாரம் மேல்தளத்தைப் பார்த்தோம். இப்போது இன்ஜின் அறைக்குள் இறங்குவோம்.

பல விசைப்படகுகளில், அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் இன்ஜினிலிருந்தே பெல்ட் போட்டு ஓடுகிறது. பேட்டரியில் ஓடும் பம்ப் தனியாக இருந்தாலும், அந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது இன்ஜின்தான். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மூழ்கடித்தால் இன்ஜினை மறுபடி கிளப்ப முடியாது. இந்தச் சங்கிலியை எந்தெந்த இடத்தில் அறுத்துவைப்பது என்பதுதான் கேள்வி.

முதல் கண்ணி டீசல் டேங்க். அதன் அடியில் தண்ணீரும் துருவும் படிந்து கிடக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருஞ்சளியாகத் திரளும். அமைதியான கடலில் மாதக்கணக்கில் தொல்லை தராத இந்தக் கசடு, படகு தூக்கிப் போடப்படும்போது கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சரியாகப் புயலில் போய் நிற்பது தலைவிதியால் அல்ல, இதனால்தான். புறப்படும் முன் டேங்கின் அடி வால்வைத் திறந்து, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், தண்ணீர் அடியில் பிரிந்து நிற்பது தெரியும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட வேண்டும்.

அப்படியும் ஃபில்டர் அடைக்கலாம். இரண்டு ஃபில்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, நடுவில் வால்வு வைத்திருந்தால் இன்ஜினை நிறுத்தாமலே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். ஒன்றுதான் இருக்கிறதென்றால், மாற்றியபின் ஏர் எடுக்காமல் இன்ஜின் கிளம்பாது. ஃபில்டர் தலையிலுள்ள சின்ன போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு டீசல் கைப்பம்ப்பை அழுத்த வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். நுரை அடங்கி டீசல் மட்டும் வழியும்போது, அழுத்துவதை நிறுத்தாமல் போல்ட்டை இறுக்க வேண்டும். இதற்கே இரண்டு கை ஆகிவிடும். ஆடும் படகில் எதையாவது பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். ஆகவே இன்ஜின் டிரைவர் தவிர இன்னொருவரும் இந்த வேலையை டார்ச் வெளிச்சத்தில் செய்து பழகியிருப்பது நல்லது. அந்த போல்ட்டுக்கு உரிய ஸ்பேனர் ஃபில்டர் பக்கத்திலேயே கயிற்றில் தொங்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று, நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே கழன்றுகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 7,500 லிட்டர் என்று அச்சிட்ட பம்ப்பும் நிமிடத்துக்கு 125 லிட்டர்தான் தள்ளும். அதுவும் தண்ணீரை உயரே ஏற்ற வேண்டாத நிலையில் எடுத்த கணக்கு. ஏற்றும் உயரம், வளைந்த குழாய், இறங்கிப்போன வோல்டேஜ் எல்லாம் சேர்ந்தால் பாதி தேறுவதே கடினம். எனவே பம்ப்பை நம்புவதற்கு முன் ஓட்டையை அடைக்க வழி வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளிப், துருவேறி இறுகாத வால்வு, துளைக்கு ஏற்றபடி கூராகச் சீவிய மரத்தக்கை. தக்கையை அந்தந்த வால்வின் அருகிலேயே கட்டிவைக்க வேண்டும்.

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வைப் போலத்தான் இந்த பம்ப்பின் சல்லடையும்: குப்பை சேர்ந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. மீன் செதிள், வலை நூல், பிளாஸ்டிக் பை, இன்ஜின் துடைத்த பஞ்சு என அடைக்கக்கூடிய எல்லாமே மீன்பிடிப் படகின் அடியில் உண்டு. புறப்படும் முன் அடித்தளத்தைக் கழுவுவதும் பாதுகாப்பு வேலைதான்.

கடைசிக் கண்ணியை அறுப்பது, தண்ணீர் இறைக்கும் கைப்பம்ப். வேர்ல்ட் செய்லிங் அமைப்பின் விதிகள், நெடுங்கடல் பந்தயப் பாய்ப்படகுகளுக்கு இரண்டு கைப்பம்ப்புகளைக் கட்டாயமாக்குகின்றன. ஒன்று மேலிருந்து இயக்க, ஒன்று உள்ளிருந்து இயக்க. கூடவே கயிறு கட்டிய, குறைந்தது 9 லிட்டர் பிடிக்கும் இரண்டு வாளிகளும் வேண்டும். எல்லா நவீனக் கருவியும் வைத்திருப்பவர்களுக்கே இந்த விதி.

நம் படகிலும் சோதித்துப் பார்க்கலாம். துறைமுகத்தில் இன்ஜினை நிறுத்தி, பேட்டரி சுவிட்சை அணைத்து, அடியில் சில குடம் தண்ணீர் ஊற்றிக் கைப்பம்ப்பால் மட்டும் வெளியேற்றுங்கள். கிழிந்த ரப்பரும் காணாமல்போன கைப்பிடியும் அங்கேயே தெரிந்துவிடும். வாங்கி மாட்ட கடையும் பக்கத்திலேயே இருக்கும்.

(அடுத்த வாரம்: இன்ஜின் நின்ற படகை அலைக்கு நேரே நிறுத்தும் கடல் நங்கூரம்)