அழகுப் பெட்டி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா?

மாதம் பிறந்தால் பால் கணக்கு, கேபிள் பணம், சீட்டுப் பணம், ரெயில் பாஸ் என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மும்பையில் வேலை பார்க்கும் பெண்கள் சிலரின் கணக்கில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் அழகுப் பெட்டி.

முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் மாதாமாதம் வீடு தேடி ஒரு பெட்டி வரும். உள்ளே முகக் கிரீம், உதட்டுச் சாயம், ஷாம்பு, சீரம் என்று நான்கைந்து பொருள்கள் இருக்கும். பெரும்பாலும் சிறிய அளவுதான். 2010-ல் நியூயார்க்கில் தொடங்கிய பேர்ச்பாக்ஸ் என்ற நிறுவனம் இந்த முறையைப் பிரபலமாக்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இது இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

பெட்டியைப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது என்பதே இதன் கவர்ச்சி. எதைப் பூசினாலும் தாங்கும் தோல் உள்ளவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. எளிதில் சிவந்து, அரித்து, தடித்துப்போகும் தோல் உள்ளவர்களுக்கு?

இரண்டு வகைத் தொல்லை

தோலுக்கு வரும் தொல்லை இரண்டு வகை. ஒன்று எரிச்சல். காரமான பொருள் பட்டால் சற்று நேரத்திலேயே எரியும். கழுவினால் பெரும்பாலும் தணியும்.

மற்றது ஒவ்வாமை. இது தந்திரமானது. முதல் தடவை பூசும்போது ஒன்றும் தெரியாது. உடல் அந்தப் பொருளைப் பகையாக அடையாளம் கண்டுகொள்ள 10 நாள் முதல் 2 வாரம் வரை ஆகலாம். அதன்பின் அதே பொருள் பட்டால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பும் தடிப்பும் கிளம்பும். திங்கட்கிழமை பூசியதற்கு புதன்கிழமை அரிப்பு வரும். பழி புதன்கிழமை பூசியதன்மேல் விழும்!

நம் பெண்களுக்கு இது புதிதல்ல. ஒட்டுப் பொட்டின் பசையால் நெற்றியில் அரிப்பு வந்தவர்களும், அந்த இடம் வெளுத்துப் போனவர்களும் உண்டு. தலைச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தால் முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு.

சிறிய டப்பாவின் சிக்கல்

ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதுகாப்பு, டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியல்தான். இங்கேதான் சிக்கல். 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகள் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்கின்றன. ஆனால் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைவான கிரீம் முதலியவற்றுக்கும் விலக்கு உண்டு. அழகுப் பெட்டியில் வரும் மாதிரிகள் பெரும்பாலும் இந்த அளவுக்கு உட்பட்டவையே. யாருக்குப் பட்டியல் மிகவும் தேவையோ, அவர் கையில் கிடைப்பது பட்டியல் இல்லாத டப்பாவாக இருக்கலாம்.

பட்டியல் இருந்தாலும் "வாசனை" என்ற ஒரே சொல்லுக்குள் பல சரக்குகள் அடங்கியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 26 வாசனைப் பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லி எழுத வைத்திருந்தது. 2023-ல் அந்த எண்ணிக்கையை 80-க்கு மேல் உயர்த்தியது.

"இயற்கையானது" என்று போட்டிருந்தால் போதாதா? போதாது. தேயிலை மர எண்ணெய், லாவண்டர் எண்ணெய் இரண்டும் இயற்கைதான். இரண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நாள் கணக்கு

புதிய பொருளை முகத்தில் பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். ஒரு நேரத்தில் ஒரே பொருள்தான். ஷாம்பு, சோப்பு போலக் கழுவி விடுபவற்றை மட்டும் வழக்கமாகத் தேய்க்கும் நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பெட்டியில் 5 பொருள் இருந்தால் சோதனைக்கு 35 நாள் வேண்டும். அடுத்த பெட்டியோ 30 நாளில் வாசலில் நிற்கும். ஆசைப்பட்டு ஐந்தையும் ஒரே நாளில் பூசி, அரிப்பு வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏமாந்தால் போவது பணம் மட்டுமல்ல. நம் நிறத் தோலில், தடிப்பு ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும். மறைய மாதக் கணக்கில் ஆகும். அதற்குப் பயந்து மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாக வாங்கிப் பூசுபவர்கள் இருக்கிறார்கள். அது தோலை மெலியவைத்து, பருவை உண்டாக்கி, ரத்தநாளங்களை வெளியே தெரிய வைக்கும். ஒரு தொல்லை இரண்டாகும்.

யார் வாங்கலாம்?

தோலில் குறை இல்லாதவர்களுக்கு இந்தப் பெட்டி லாபமாகவும் இருக்கலாம். முழு டப்பாவை வாங்கி, பிடிக்காமல் மூலையில் போடுவதைவிட, சிறு மாதிரியில் பார்த்துவிடலாம்.

எளிதில் பாதிக்கப்படும் தோல் உள்ளவர்கள், பொருள்களைத் தாமே தேர்ந்தெடுக்க விடும் பெட்டியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். சேர்மானங்களை முன்னதாகவே காட்ட வேண்டும். வாசனை சேர்க்காதது நல்லது. உதட்டுச் சாயம், சீப்பு, நகப்பூச்சு போன்றவை வந்தால் கவலை இல்லை என்றும் இருந்துவிடக் கூடாது. நகப்பூச்சு பட்ட விரல் கண்ணைத் தொட்டால் இமையில் ஒவ்வாமை வருவது உண்டு.

அரிப்பு வந்தால் எல்லாவற்றையும் உடனே நிறுத்த வேண்டும். டப்பாவையும் பில்லையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒவ்வாமைச் சோதனையில், சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். எது ஆகாது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் ஆயுளுக்கும் உதவும். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மற்றவர்கள் பெட்டியைப் பிரித்து மகிழட்டும். தோல் இடம் கொடுக்காதவர்கள், பழகி ஒத்துக்கொண்ட ஒரு சோப்பையும் ஒரு கிரீமையும் விடாமல் இருப்பதே நல்லது. அதில் வியப்பு ஒன்றும் இருக்காது. அரிப்பும் இருக்காது.