வானம் பார்த்த புகைக்குழாய்

காரின் சைலன்சர் குழாய் வண்டிக்கு அடியிலேயே ஓடி, பின் பம்பருக்குக் கீழே எட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். போர்ஷே 918 ஸ்பைடரில் அது ஓட்டுநரின் தலைக்குப் பின்னால், என்ஜின் மூடிக்கு மேலே, வானம் பார்த்து நிற்கிறது. அதுவும் இரண்டு குழாய்கள். அலங்காரத்துக்கு வைத்தது என்றுதான் தோன்றும். காரணம் பேட்டரி!

பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றும் வண்டியே ஹைபிரிட் கார். அதை வடிவமைக்க உட்கார்ந்தவுடன் எழும் முதல் கேள்வி, எந்த என்ஜினைப் பொருத்துவது என்பது. பெட்ரோல் என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அதன் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருகித் தள்ளும் பலம், குறைவு. அதிவேகச் சுழற்சிக்கென்றே செதுக்கிய பந்தய என்ஜின் அந்த நிலையில் இன்னும் சோனி. சிக்னலில் கிளம்பும்போது பிக்கப் இருக்காது. மின்மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தையும் கொடுத்துவிடும். அது துணைக்கு வந்துவிட்டால், எல்லா வேகத்துக்கும் ஈடுகொடுக்கும் என்ஜினைத் தேடி அலைய வேண்டாம்.

இந்தச் சுதந்திரத்தை பி.எம்.டபிள்யூ தன் ஐ8 காரில் சிக்கனத்துக்குப் பயன்படுத்தியது: மூன்றே சிலிண்டர், 1.5 லிட்டர், 231 குதிரைத்திறன். போர்ஷே எதிர்த்திசையில் போனது. தன் ஆர்.எஸ். ஸ்பைடர் பந்தயக் காரின் வழிவந்த எட்டு சிலிண்டர் என்ஜினை, டர்போ இல்லாமல், 4.6 லிட்டராக்கிப் பொருத்தியது. நிமிடத்துக்கு 9,150 சுற்று வரை போகும். நொடிக்கு 150 சுற்றுக்கும் மேல்! 608 குதிரைத்திறன் தரும் அந்த என்ஜினின் எடை சுமார் 135 கிலோதான்; இரண்டு பெரியவர்கள் சேர்ந்து நின்றால் வரும் எடை. பக்கவாட்டில் பெல்ட் போட்டு ஓட்டும் துணைக்கருவி எதுவும் அதில் கிடையாது.

இனி குழாய்க்கு வருவோம். 'வி' வடிவில் விரிந்த இப்படிப்பட்ட என்ஜின்களில் பெரும்பாலும் நடுப்பள்ளத்தின் வழியே காற்று உள்ளே போகும்; புகை இரு ஓரங்களிலும் வெளியேறும். 918-இல் இதை அப்படியே மாற்றிப்போட்டார்கள். காற்று ஓரங்களில் நுழைகிறது. தகிக்கும் புகை நடுவிலிருந்து நேராக மேலே பாய்கிறது. பாதை குட்டை என்பதால் புகைக்குத் தடை குறைவு. அதைவிடப் பெரிய ஆதாயம், வெப்பம் என்ஜின் அறைக்குள் தங்காமல் போவது. அந்த அறைக்கு முன்னால்தான் லித்தியம் அயான் பேட்டரி இருக்கிறது. 20 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் அதற்கு மிகவும் உகந்த சூடு.

பேட்டரியின் கொள்ளளவு 6.8 யூனிட். ஒரு ஏசியை நாலைந்து மணி நேரம் ஓட்டலாம். ஆனால் முன்னால் 95 கிலோவாட், பின்னால் 115 கிலோவாட் என்று இருக்கும் இரு மோட்டார்களும் முழு மூச்சில் இழுத்தால், கணக்குப்படி இரண்டே நிமிடத்தில் காலி. 2013 செப்டம்பரில் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் 20.6 கிலோமீட்டரை இந்த வண்டி 6 நிமிடம் 57 நொடியில் சுற்றியது. அப்படியானால் வழியிலேயே மின்சாரத்தைச் சம்பாதித்திருக்க வேண்டும்.

சம்பாதிப்பது பிரேக்கில். இந்த வண்டியில் என்னை மிகவும் மயக்கியது அந்த ஏற்பாடுதான். பிரேக் மிதித்ததும் மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக மாறுகின்றன. வண்டியின் ஓட்டத்தையே மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வரையிலான வேகக்குறைப்பை இந்த முறையே சமாளித்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால்தான் பிரேக் தட்டுகளின் உராய்வு கைகொடுக்கிறது. மோட்டார் விடும் இடமும் தட்டு பிடிக்கும் இடமும் ஓட்டுநரின் பாதத்துக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், வளைவுக்கு முன்னால் எவ்வளவு அழுத்துவது என்ற அவருடைய கணிப்பே தவறிப்போகும்.