சாயும் பெஞ்சை நம்பிச் சாய்வதற்கு முன்

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, வீட்டில் ஓர் அறையையோ பின் விறாந்தையையோ உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறவர்கள் பெருகி வருகிறார்கள். சீனி வருத்தம் வந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு. வெளியே ஜிம்முக்குப் போக வசதிப்படாத பெண்களுக்கு வீடுதான் தோது. நோன்பு காலத்தில் தராவீஹ் முடித்து வரும் இளைஞர்களுக்கும் அப்படியே. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. டம்பலுக்கு அடுத்து இவர்கள் தேடுவது, முதுகுப் பலகையை மட்டமாகவும் சரிவாகவும் நிமிர்த்தியும் வைக்கக்கூடிய பெஞ்ச். வாங்கும்போது கண் போவது மெத்தையின் மீது. ஆளைத் தாங்குவதோ அடியில் உள்ள ஒரு பின்னும் சில வெல்டிங் ஒட்டுகளும். ஆகவே அடியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் பொருளைத் தூக்காதீர்கள்.

ஆபத்து எங்கே?

மல்லாந்து படுத்துப் பாரம் தூக்கும் நேரம் பலகை சறுக்கினால், கையில் உள்ள இரும்பு முகத்திலோ கழுத்திலோ விழும். பலகையை நிறுத்தும் முறைகள் பொதுவாக இரண்டு: ஸ்பிரிங் பின் துளைக்குள் இறங்குவது ஒன்று, படிப்படியான வெட்டுகளில் தாங்குகோல் அமர்வது மற்றது. பின் முழுதாக இறங்காமல் துளையின் விளிம்பில் நின்றாலும் பூட்டியது போலவே தெரியும். பாரம் ஏறியதும் நழுவும். வெட்டு முறையிலும் தாங்குகோல் இரு பக்கமும் சமமாக அமர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளின் விரல் நசுங்குவதும் இந்த இடத்தில்தான்.

பெயர் பெற்ற பொருட்களும் இதற்கு விலக்கல்ல. 2025 ஜூனில் அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் நிறுவனப் பெயரில் விற்கப்பட்ட, நிறையை மாற்றக்கூடிய டம்பல்கள் ஏறத்தாழ 38 இலட்சம் மீளப்பெறப்பட்டன. பயிற்சியின்போது பிளேட்டுகள் கழன்று விழக்கூடும் என்பதே காரணம்.

கடையில் செய்ய வேண்டியவை

பாரக் கணக்கை முதலில் பாருங்கள். பெட்டியில் உள்ள '200 கிலோ' பெரும்பாலும் உங்கள் உடல் நிறையையும் தூக்கும் பாரத்தையும் சேர்த்தது. 85 கிலோ நிறையுள்ளவர் 60 கிலோ தூக்கினால் பெஞ்சில் ஏறுவது 145 கிலோ. சட்டென்று இறக்கினால் விசை இன்னும் கூடும். எனவே எல்லைக்கு நெருக்கமாக வாங்காதீர்கள். பலகையைச் சரித்து வைக்கும்போது எல்லை குறைகிறதா என்றும் கேளுங்கள்.

ஐஎஸ்ஓ 20957 என்ற தர எண் உள்ளதா என்று தேடுங்கள். அதில் 'எச்' எழுத்து வீட்டுப் பாவனையையும் 'எஸ்' ஜிம் பாவனையையும் குறிக்கும். வீட்டுப் பெஞ்சில் கூட்டாளிமார் பத்துப் பேர் நாள்தோறும் பயிற்சி செய்வது அளவு மீறிய பாவனை.

பிறகு பெஞ்சைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஒட்டிலும் பெருவிரலை ஓட்டிப் பாருங்கள். குழி, வெடிப்பு, விட்டு விட்டு வைத்த ஒட்டு இருந்தால் வேண்டாம். பலகையை நிமிர்த்தி உட்கார்ந்து பக்கவாட்டில் அசையுங்கள். போட்டிப் பெஞ்சின் உயரம் 42 முதல் 45 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் விதி. படுத்தால் இரு பாதங்களும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும். கடையில் படுத்துப் பார்க்க விரும்பாத பெண்கள், வீட்டில் தமக்குத் தோதான உயரத்தை அளந்து கொடுத்தனுப்பலாம்.

நம் ஊர்களில் உப்புக் காற்று தனிப் பிரச்சினை. குழாயின் திறந்த முனை வழியே ஈரம் புகுந்து உள்ளிருந்தே கறள் பிடிக்கும். முனைகளுக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெஞ்சில் ஒட்டு ஓரங்களில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வெல்டிங் கடையில் செய்விப்பவர்கள் குழாயின் தடிப்பு, தாங்க வேண்டிய பாரம் இரண்டையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

உங்கள் உரிமை

தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். குறையை மறைத்து விற்றால் பொருளைத் திருப்பும் உரிமை இஸ்லாமிய வணிகச் சட்டத்திலும் உண்டு.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி, அப்பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும். அதனால் உங்கள் நிறையையும் தூக்கப்போகும் பாரத்தையும் வட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். முகநூலில் பார்த்து வாங்கினால் விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதை வியாபாரியின் கடமையாக்குகிறது. பொய்யான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது.

குறை கண்டால்

பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். குறையைக் காணொளி எடுங்கள், பெட்டியை வீசாதீர்கள். கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டினால் அத்துடன் திரும்பி வந்துவிடாதீர்கள். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுங்கள். விசாரணையில் இழப்பு உறுதியானால், நட்டஈடு தரவோ பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ 13ஆம் பிரிவின் கீழ் சபை உத்தரவிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுவது அரசியலமைப்பு தந்த உரிமை. பேசித் தீர்க்க விரும்பினால் மத்தியஸ்த சபையும் உண்டு. காயம் பட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

நல்ல பெஞ்ச் வாங்கிய பிறகும் ஒவ்வொரு முறையும் பின்னை அசைத்துப் பார்த்தே படுங்கள். துணைக்கு ஆள் இல்லாதபோது நீண்ட பாரை நெஞ்சுக்கு மேல் தூக்க வேண்டாம்.

ஒரு பெஞ்சுக்காக ஏன் அலைய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதே தொகுதியில் வந்த பெஞ்ச் அடுத்த தெருவிலும் ஒரு பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் ஒரு முறைப்பாடு அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. தயங்காமல் எழுதுங்கள்.