உஷார்! கல்லா குறைகிறது என்று கணினி சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

ரேஷன் கடையில் பிஓஎஸ் கருவியோடு உட்கார்ந்திருப்பவர்கள், வங்கிக்காக ஊருக்குள் பணம் கொடுத்து வாங்கும் முகவர்கள், சூப்பர் மார்க்கெட் கேஷியர்கள், லண்டனில் கடைக்குள்ளேயே போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர் வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லோரும் இதை அவசியம் படியுங்கள். கணக்கு முடிக்கிற நேரத்தில் திரையில் ஒரு தொகை, கல்லாவில் அதைவிடக் குறைவு. எத்தனை தடவை எண்ணினாலும் இடிக்கிறது. அப்போது நீங்கள் பதறிப்போய்ச் செய்யும் ஒரு காரியம் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடலாம். பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான் ஆனது.

அங்கே கிராமத்து போஸ்ட் ஆபீஸ்களைப் பெரும்பாலும் சப் போஸ்ட்மாஸ்டர்கள் நடத்துகிறார்கள். அவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல, சொந்தக் கடையில் ஒப்பந்தத்தின் பேரில் கவுன்ட்டர் வைத்திருப்பவர்கள். 1999 முதல் அவர்கள் கணக்கெல்லாம் 'ஹொரைசன்' என்ற மென்பொருளுக்கு மாறியது. புஜித்சு நிறுவனத்தின் தயாரிப்பு. வந்த நாளிலிருந்தே அதில் பிழைகள் இருந்தன. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 2015-ல் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண்ட் வரவு வைக்கும்போது திரை உறைந்துபோனது. என்டர் பட்டனை மறுபடியும் மறுபடியும் தட்டினார்கள். அந்த ஒரே தொகை நான்கு முறை பதிவாகிவிட்டது. வராத 24,000 பவுண்ட் வந்ததாகக் கணக்கு, கல்லாவில் அவ்வளவும் துண்டு.

இப்படித் துண்டு விழுந்தால் என்ன செய்வது? முன்பெல்லாம் தகராறுள்ள தொகையைத் தனியே நிறுத்திவைக்க ஒரு கணக்கு இருந்தது. 2005-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாதக் கணக்கை 'சரி' என்று ஒப்புக்கொண்டு முடித்தால்தான் மறுநாள் கவுன்ட்டரைத் திறக்க முடியும். ஜனங்கள் பென்ஷன் வாங்க வரிசையில் நிற்பார்களே! ஆகவே சிலர் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினார்கள். கைக்காசு தீர்ந்ததும் நகை, கடன், வீட்டின் மேல் அடமானம். இன்னும் சிலர், அடுத்த மாதம் நேராகிவிடும் என்று நம்பி, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் பொறி. பொய்க்கணக்கு எழுதுவது அந்த நாட்டில் தனிக் குற்றம். ஒரு பைசா எடுக்காதவர்கள் அந்தக் கையெழுத்தால் மாட்டினார்கள்.

ஹாம்ப்ஷையரில் கிராமக் கடை வைத்திருந்த ஜோ ஹாமில்டன் ஹொரைசன் உதவி மையத்துக்குப் போன் போட்டுச் சரிசெய்யப் பார்த்தபோது, கண்ணெதிரே 2,000 பவுண்ட் பற்றாக்குறை இரட்டிப்பானது. கடைசியில் 36,000 பவுண்ட் திருடியதாக வழக்கு. "பொய்க்கணக்கு என்று ஒப்புக்கொள், திருட்டை விட்டுவிடுகிறோம்" என்பதுதான் பேரம். சிறைக்குப் பயந்து ஒப்புக்கொண்டார். அந்தத் தீர்ப்பு ரத்தாக 2021 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெஸ்ட் பைஃப்ளீட்டின் சீமா மிஸ்ரா திருட்டை ஒப்புக்கொள்ள மறுத்து ஜூரி முன் வாதாடினார். 2010-ல் 15 மாதச் சிறைத் தண்டனை. அப்போது அவர் கர்ப்பிணி. தண்டனை விதிக்கப்பட்ட நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்.

இதில் என்னைக் கொதிக்க வைக்கும் விஷயம் வேறு. உதவி மையத்தை அழைத்தவர்களில் பலருக்கும் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை." நாடு முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் தனித்தனியாக அதே பதிலைக் கேட்டு, தங்கள் புத்தியையே சந்தேகித்தார்கள். பணம் போனதாகப் புகார் சொன்னது, விசாரித்தது, வழக்குத் தொடுத்தது மூன்றுமே பெரும்பாலும் ஒரே போஸ்ட் ஆபீஸ் நிறுவனம்தான். கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று சாதித்தார்கள். புஜித்சு ஊழியர்களால் தொட முடிந்தது, கடைக்காரருக்குத் தெரியாமலே. தனக்குத் தெரிந்த பிழைகளை புஜித்சு நிபுணர் நீதிமன்றத்தில் சொல்லவில்லை என்று நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞரே 2013-ல் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏழு வருடத்துக்கு மேல் தண்டனைகள் அப்படியே நின்றன.

நீதிபதிகள் எப்படி ஏமாந்தார்கள்? கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டினால்தான் அதன் பதிவு சாட்சியமாகும் என்று 1984-ம் வருடச் சட்டம் ஒன்று அங்கே இருந்தது. 2000-ல் அந்தப் பிரிவு போய்விட்டது. அதன்பின், மாறாகக் காட்டும்வரை இயந்திரம் சரியாகவே இயங்கியது என்ற அனுமானம். மென்பொருளின் உள்ளே எட்டிப்பார்க்கக்கூட முடியாத ஒரு பெட்டிக்கடைக்காரர் அதை எப்படிக் காட்டுவார்?

நம் நாட்டில் அந்த ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, கணினிப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் எண்ணும் இருக்கும். அந்த எண் நிரூபிப்பது ஒன்றைத்தான்: நகல் எடுத்தபின் யாரும் அதைத் திருத்தவில்லை. பதிவாகும்போதே தொகை தப்பாக விழுந்திருந்தால் அந்தத் தப்பும் ஹாஷ் எண்ணோடு பத்திரமாகக் கோர்ட்டுக்கு வரும். கருவி ஒழுங்காக இயங்கியது என்று கையெழுத்திடுபவர் உங்கள் மேல் புகார் கொடுத்த அலுவலகத்தின் ஆளாகவே இருக்கலாம். அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லி உங்கள் வக்கீலிடம் வற்புறுத்துங்கள். பிழைப் பதிவேடுகளையும் கோர்ட் மூலம் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஆனால் கோர்ட் வரை போகாமல் தடுப்பது முதல் நாளிலேயே உங்கள் கையில் இருக்கிறது. துண்டு விழுந்தால் அந்தத் திரையைப் படம் எடுங்கள், நேரம் தெரியும்படி. அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கைக்காசைப் போடாதீர்கள். போட்டே தீர வேண்டும் என்று மிரட்டினால், ரசீதிலேயே 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதுங்கள். குறைகிறது என்று தெரிந்தே 'கணக்கு சரி' என்று எக்காரணம் கொண்டும் ஒப்பமிடாதீர்கள். மேலதிகாரி "சும்மா ஒரு விளக்கக் கடிதம் எழுதிக்கொடு, முடிச்சிடலாம்" என்பார். அந்தக் கடிதம்தான் நாளைக்கு ஒப்புதல் வாக்குமூலமாக உங்கள் முன் நீட்டப்படும். வக்கீலிடம் காட்டாமல் எழுதாதீர்கள். இன்னொன்று, அதே கருவி வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

வேல்ஸின் லாண்டுட்னோவில் ஆலன் பேட்ஸ் இதைத்தான் செய்தார். கணினி காட்டிய பற்றாக்குறையை ஏற்க மறுத்தார், எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார், தாள்களைப் பத்திரப்படுத்தினார். 2003-ல் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள், முதலீடும் போனது. ஆனால் அவர்மேல் திருட்டு வழக்கு இல்லை. பாதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சேர்த்து, 555 பேருடன் உயர் நீதிமன்றம் போய், 2019 டிசம்பரில் ஹொரைசன் நம்பத்தகாதது என்ற தீர்ப்பை வாங்கினார்.

2024 மே மாதம் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளைக் கூட்டமாக ரத்து செய்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணை ஆணைய அறிக்கை சொன்னது. ஹொரைசனுக்கு முன்பு, 1990-களில் 'கேப்சர்' என்று இன்னொரு மென்பொருள் சில கிளைகளில் ஓடியது. அதுவும் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியிருக்க வாய்ப்புண்டு என்று 2024-ல் ஒரு சுயேச்சை ஆய்வு சொல்லிவிட்டது. அதை நம்பித் தண்டிக்கப்பட்டவர்களை 2024-ன் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது வயதாகிவிட்ட அவர்கள், முப்பது வருடத்துக்கு முந்தைய தாள்களைத் தேடி ஒவ்வொருவராக மேல்முறையீட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது.