பந்தியும் வில்லங்கமும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கோடை முடியும் நேரம், மாலை ஐந்து மணி. புல் அறுத்த வயலின் நடுவே ஒரே நீள மேசை. இரு பக்கமும் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்றில் விரிப்பு பறக்காமலிருக்க ஆங்காங்கே பூசணிக்காய் வைத்திருக்கிறார்கள். தட்டில் இருக்கும் தக்காளி, மக்காச்சோளம், பாலாடைக்கட்டி எல்லாமே கூப்பிடு தூரத்தில் விளைந்தவை. சாப்பாட்டுச் சீட்டு பெரும்பாலும் நூறு டாலருக்குக் குறையாது. அந்தப் பணம் ஹோட்டல்காரருக்குப் போவதில்லை. இவர்கள் காலை ஊன்றியிருக்கும் வயலையோ, அக்கம்பக்கத்தில் அதுபோன்ற இன்னொன்றையோ காப்பாற்றப் போகிறது.

இந்த நீள மேசையைப் பிரபலமாக்கியவர் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸைச் சேர்ந்த சமையல்காரர் ஜிம் டெனெவன். 1999-ல் ‘அவுட்ஸ்டாண்டிங் இன் த ஃபீல்டு’ என்ற பெயரில் சமையலறையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போனார். கடற்கரை மணலில் பிரமாண்டமான வட்டங்களையும் சுழல்களையும் கீறும் ஓவியரும் அவர்தான். அவருடைய விருந்துக்கு வருகிறவர்கள் தட்டை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். அவருடையது வணிக நிறுவனம். அதே வடிவத்தை இன்று நில அறக்கட்டளைகளின் நிதி விருந்துகளிலும் காணலாம்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து வாசகர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆடி மாதத்தில் கறிச்சோறு போட்டு மொய் வாங்கும் ஊர்கள் அவை. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அமெரிக்க வயலில் எழுதும் மொய் நிலத்தோடு போய்விடும்.

சரி, அந்தப் பணத்தை வைத்து நிலத்தை எப்படிக் காப்பாற்றுவது? விலைக்கு வாங்குவது ஒரு வழி, ஆனால் கட்டுப்படியாகாது. அதனால் அவர்கள் பிடித்திருக்கும் வழி சுவாரசியமானது. நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுத்து, அதில் எதுவும் இல்லை என்றால்தான் நிம்மதியாக நிலம் வாங்குவோம். அங்கே உரிமையாளர் தன் நிலத்துக்குத் தானே விரும்பி ஒரு வில்லங்கம் எழுதி வைக்கிறார். ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்று அதற்குப் பெயர்.

ஒரு விவசாயியிடம் 50 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிளாட் போட்டு விற்றால் 10 லட்சம் டாலர், விளைநிலமாகவே விற்றால் 4 லட்சம் கிடைக்கும். நடுவில் இருக்கும் 6 லட்சம்தான் வீடு கட்டும் உரிமையின் விலை. அந்த உரிமையை மட்டும் அவர் அறக்கட்டளைக்கு விற்கிறார், அல்லது தானமாகக் கொடுத்து வரிச்சலுகை பெறுகிறார். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அடுத்து யார் வாங்கினாலும் அங்கே பிளாட் போட முடியாது. பழைய வீடுகளுக்கும் தானியக் கொட்டாரங்களுக்கும்கூட இதே மாதிரி பத்திரம் உண்டு. முகப்பை இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று அதில் எழுதிவிடுவார்கள்.

எந்த நல்ல ஏற்பாட்டிலும் ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் இருப்பார்களே! முதலீட்டாளர்கள் கூட்டுச் சேர்ந்து நிலம் வாங்கி, அதன் மதிப்பைப் பல மடங்கு ஊதிக் காட்டி, உரிமையைத் ‘தானம்’ செய்து வரியில் கழித்தார்கள். 2022 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதற்குக் கடிவாளம் இட்டது.

நிலத்துக்கு அறக்கட்டளை என்ற யோசனைக்கு முன்னோடி சார்லஸ் எலியட் என்ற இளம் நிலவடிவமைப்பாளர். நூலகம் புத்தகங்களைக் காப்பதுபோல, அழகான நிலங்களைப் பொதுமக்களுக்காகக் காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1890-ல் வாதிட்டார். அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் இயற்றியது. ‘தி டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்’ பிறந்தது. 1895-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘நேஷனல் டிரஸ்ட்’ இதை முன்மாதிரியாகக் கொண்டது. எலியட் 37 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார்.

பாஸ்டனுக்கு வடக்கே இப்ஸ்விச்சில் உள்ள ஆப்பிள்டன் பண்ணை இன்று டிரஸ்டீஸ் அமைப்பிடம்தான் இருக்கிறது. 1630-களில் சாமுவேல் ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயக் குடியேறிக்குக் கிடைத்த நிலம் அது. ஒன்பது தலைமுறை கைவிடாமல் வைத்திருந்த குடும்பம் 1998-ல் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இன்றும் அங்கே மாடுகள் மேய்கின்றன, வயல்வெளி விருந்துகளும் நடக்கின்றன. 1913-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் பழைய நூலகமான கோர் ஹாலை இடித்தபோது அதன் உச்சியில் இருந்த கருங்கல் சிகரங்கள் இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தன. புல்வெளிப் பாதைகளில் இன்றும் நிற்கின்றன. வரலாறு என்று வரும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்த ஊரின் பெயர் ‘அகவாம்’. அங்கிருந்த பழங்குடித் தலைவர் மாஸ்கோனோமெட் 1638-ல் அந்த மண்ணை 20 பவுண்டுக்கு எழுதிக்கொடுத்தார்.

நிலமும் பழைய கட்டடமும் ஒரே உண்டியலில் சேர்வதற்கு மாசசூசெட்ஸில் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் சொத்து வரியோடு 3 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கலாம். அதில் திறந்தவெளி நிலம், வரலாற்றுக் கட்டடம், எளியோருக்கான வீடு ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் குறைந்தது பத்துப் பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும். வாக்குச் சீட்டில் முடிவாகிற விஷயம் என்பதால், வயலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன ஆளுக்குத் தனி மதிப்பு உண்டு.

அப்படி வரிப் பணமே இருக்கும்போது விருந்துப் பணம் எதற்கு? வாங்கியதைக் கட்டிக் காப்பதற்கு. நேஷனல் டிரஸ்ட் 1896-ல் ஆல்ஃப்ரிஸ்டன் ஊரின் பழைய பாதிரியார் இல்லத்தை வெறும் 10 பவுண்டுக்கு வாங்கியது. பழுது பார்க்கத்தான் அதைப்போலப் பல மடங்கு செலவானது. இன்றும் அதே கதைதான். வில்லங்கம் எழுதிய நிலங்களைத் தவறாமல் ஆள் போய்ப் பார்த்துவர வேண்டும். மீறியவர்மேல் வழக்குப் போட வக்கீல் வேண்டும். கொட்டாரக் கூரையில் ஒழுகல் அடைக்க வேண்டும். புல் வெட்ட வேண்டும். ஒரு பண்ணையை மீட்க என்று கேட்டால் நன்கொடை தாராளமாக வரும். புல் வெட்டக் கேட்டால் வருமா? விருந்தில் சேரும் பணத்துக்கு அப்படி நிபந்தனை எதுவும் இல்லை.

அந்தத் தக்காளியைக் காலையில் குனிந்து பறித்தவர் மேசையில் உட்காருவது அபூர்வம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கூச்சத்தினால்தானோ என்னவோ, சில இடங்களில் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து வந்து பகிர்ந்து உண்ணும் எளிய கூடல்களும் நடக்கின்றன.

இருட்டியதும் கொசு வரும், கையெழுத்திட்ட நன்கொடைச் சீட்டுகளைச் சேகரிப்பார்கள். பிறகு அறக்கட்டளையிலிருந்து கடிதம் வரும். 75 டாலருக்கு மேல் வாங்கினால் சாப்பாட்டின் மதிப்பைத் தனியே எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். சீட்டு 200 டாலர், உணவு 80 டாலர் என்றால், வரிக் கணக்கில் நன்கொடையாகக் காட்ட முடிவது மிச்சம் 120 மட்டுமே.