கடற்போர் கேமுக்கு ஏற்ற மரக்கப்பல்

இரும்புக் கப்பல் அருகே வந்தால் அதன் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிப்பவை காந்தக் கண்ணிகள். அவற்றுக்குத் தப்பவே இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஒய்எம்எஸ் வகைக் கண்ணிவாரிக் கப்பல்களை மரத்தில் கட்டியது. நீளம் 136 அடி; வேகம் சுமார் 15 நாட். பின்னால் நீரில் நீளும் தடித்த கேபிளில் மின்சாரம் பாயும்; அதன் காந்தப்புலம் பட்டு, கண்ணி கப்பலுக்கு எட்டத்திலேயே வெடித்துவிடும்.

வீடியோ கேமில் சேர்த்தால், ஒரு 3 அங்குல பீரங்கியும் இரண்டு 20 மி.மீ. துப்பாக்கிகளும் கைக்கு வரும். டார்பிடோ படகுகளைத் துரத்த இந்த வேகம் போதாது. மர உடல் குண்டடி தாங்காது. வெறும் பீரங்கிச் சண்டையில் இறக்கினால் இதன் அருமை தெரியாது. கண்ணிகள் நிறைந்த துறைமுக வாயிலில், பின்னால் வரும் கப்பல்களுக்கு வழி திறக்கும் ஆட்டமே இதற்குப் பொருத்தம். கடலாய்வாளர் கூஸ்டோவின் கலிப்சோவும் இந்த வகைக் கப்பல்தான். 1942-இல் சியாட்டிலில் கட்டப்பட்டது.